எந்தச் சக்கரம் என்று சொல்லாது

வில்லியர்ஸ் தாண்டியதும் விளக்கு எரிந்தது.
டிரெய்லரின் முன்மூலையில்,
பக்கக் கண்ணாடியில் மட்டும் தெரிகிற
மஞ்சள் பொட்டு.
எங்கோ காற்று கசிகிறது,
கசிகிற இடத்துக்கே காற்று போய்க்கொண்டும் இருக்கிறது
என்று பொருள்.
பதினாறு டயரில் எது?
அதைச் சொல்லாது.

முப்பத்துநாலு டன் மக்காச்சோளம்.
விடிவதற்குள் டர்பன் துறைமுகம்.
ஓட்டினேன்.

அச்சின் உள்ளே ஒரு குழாய்.
சக்கரம் சுழல, தான் சுழலாமல்
மூடிவரை வந்து
ஒரு மூட்டில் கைமாறி
டயரின் வாயில் முடிகிறது.
எட்டு பார் குறைந்தால் ஊட்டும்.
நிறைந்தால் நிறுத்தும்.
குறைந்தது ஏன் என்று கேட்காது.
நானும் அப்படித்தான்
என்று வார்டன் அருகே தோன்றியது.
சிரித்தேன், வண்டியில் யாருமில்லை.

என் தம்பி பெயர் தயாளன்.
பெயர்தான்.
சென்ற மாதம் ஹீட்டர் வெடித்துக் கூரை ஒழுகிற்று.
அதற்கு முந்தைய மாதம் பல்.
அதற்கு முன்னால்,
மறந்துவிட்டேன், ஏதோ ஒன்று கட்டாயம் உடைந்திருக்கும்.
ஷால்கிராஸ் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்:
கூரை உலர்ந்தே இருந்தது,
பல் எல்லாம் பத்திரம்,
சட்டைப்பையில் சூதாட்ட விடுதியின்
வாகன நிறுத்தச் சீட்டு.
திரும்பி வந்து அடுத்த மாதமும் அனுப்பினேன்.

வான் ரீனனில் மூடுபனி.
கணவாய்க்கு முன்னால் லாரிகள் நிற்கிற திடலில்
இறங்கி,
பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கரைத்து
ஒவ்வொரு சக்கரமாகத் தெளித்தேன்.
கையில் டார்ச், முழங்காலில் ஈரச் சரளை.
பதினோராவது டயர்,
உள்பக்கம்,
நுரை ஒரு கண் திறந்து மூடியது.
மறுபடி திறந்தது.
ஒரு திருகாணி. தலை தேய்ந்து பளபளத்தது;
நெடுநாள் குடியிருப்பு.

பிடுங்கிவிடலாம் என்று கை போயிற்று.
கேட்டோ ரிட்ஜ் பட்டறைக்குப் போன் செய்தேன்.
ம்லுங்கிசி பாதித் தூக்கத்தில் இருந்தான்:
"பிடுங்காதே. ஆணிதான் இப்போது அடைப்பு.
டயர் சூடா?"
இல்லை.
"அப்படியானால் இறங்கு. காலையில் நான் பார்க்கிறேன்."
மலையில் பிரேக் மிதித்து மிதித்துப் போகணும், தெரியுமா,
இது பாதிக் காற்றைக் குடித்துவிட்டால்?
கொட்டாவிக்கு நடுவில் சொன்னான்:
"குடிக்காது. நடுவில் ஒரு வால்வு இருக்கிறது.
டாங்கி ஐந்தரைக்குக் கீழே போனால்
டயருக்கு ஒரு மூச்சும் விடாது.
முதலில் பிரேக். மிச்சம்தான் டயருக்கு.
நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளில் இருக்கிறதே,
படிக்கவில்லையா?"

படிக்கவில்லை.

கீழ் கியரில் இறங்கினேன்.
பனிக்குள் முன்னால் போகிற வண்டியின்
சிவப்பு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.
மிதித்தபோதெல்லாம் பெருமூச்சு,
முள் எட்டிலிருந்து ஏழு,
ஏழிலிருந்து ஆறரை,
கம்ப்ரசர் முனகி
மறுபடி எட்டு.
ஐந்தரை வரவே இல்லை.
ஆனாலும் வளைவுக்கு வளைவு
அந்த ஐந்தரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்,
யாரோ ஒரு பொறியாளர்
என்னைப் பார்க்காமலே எனக்காகப் போட்ட
கோடு.

லேடிஸ்மித்தில் டீசல்.
போனில் தயாளன்:
அக்கா ஆயிரத்து ஐநூறு அவசரம்
கார் கிளட்ச்
பிறகு கைகூப்பிய படம் இரண்டு.

வாடகை, வீட்டு மின்சாரம்,
மகள் பள்ளிக் கட்டணம்
என்று விரல் மடக்கினேன்.
இதற்குமுன் மடக்கியதில்லை.
மடக்கி முடித்தபோது இருநூற்றுப் பத்து ராண்ட் இருந்தது.
இருநூறு அனுப்பினேன்.

அவன் அழைத்தான். எடுக்கவில்லை.
அழைத்தான்.

மூய் ரிவர் சுங்கச்சாவடியில்
சில்லறை நீட்டிய பெண்
கண்ணாடிப் பக்கம் கைகாட்டி
"உன் விளக்கு எரிகிறது" என்றாள்.

தெரியும் என்றேன்.